பின்கட்டுக் கதவுக்கு வயரா, வயர்லெஸ்ஸா?

வாசகர் கேள்வி:

தேவகோட்டைக்கு அருகில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முகப்பிலிருந்து பின்வாசல் வரை 210 அடி நீளம். 78 வயதான ஆத்தா, வளவை (நடுவில் உள்ள திறந்த முற்றத்தை) ஒட்டிய அறையில் இருக்கிறார். சமையலுக்கு வரும் அம்மாள் மாலையில் போய்விடுவார். இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் யாரும் ஊரில் இல்லை. நான் சென்னையில் இருக்கிறேன். அண்மையில் அடுத்த தெருவில் ஒரு வீட்டின் பின்கதவைப் பெயர்த்துப் பித்தளைச் சாமான்களை எடுத்துப் போய்விட்டார்கள். அதிலிருந்து ஆத்தா சரியாகத் தூங்குவதில்லை. ஊரில் விசாரித்த டெக்னீஷியன், வீடு முழுக்கச் சுவரை வெட்டி வயர் இழுத்தால்தான் நம்பிக்கை என்கிறார். பெங்களூரில் இருக்கும் அக்கா மகனோ எட்டு வைஃபை கேமரா வாங்கினால் ஒரு மத்தியானத்தில் மாட்டிவிடலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

இருவர் சொல்வதிலும் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கேமராக்கள் வயரில் இருக்க வேண்டும். கதவுகளில் வைக்கும் சென்சார்கள் வயர்லெஸ்ஸாக இருக்கலாம். சுவரை மட்டும் வெட்டவே வேண்டாம். நான் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இத்தகைய பெரிய வீடுகள் பலவற்றில் வேலை செய்திருக்கிறேன். சுண்ணாம்பை அரைத்துப் பூசி, கண்ணாடிபோல் தேய்த்து எடுத்த அந்தச் செட்டிநாட்டுப் பூச்சில் ஒரு முறை காடி வெட்டிவிட்டால், அதற்கு மேல் சிமெண்ட் வைத்து எவ்வளவு தேய்த்தாலும் அந்தத் தழும்பு தனியாகத் தெரியும். அந்தப் பூச்சைத் திரும்பப் போடத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு. வெட்டிய பிறகு வருந்திய குடும்பங்களைப் பார்த்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகனின் யோசனை பெங்களூர் அடுக்ககத்துக்குப் பொருந்தும். அங்கே நாலரை அங்குல, ஒன்பது அங்குலச் சுவர்கள்; ரவுட்டரிலிருந்து எந்த அறையும் முப்பது நாற்பது அடிக்கு மேல் இருக்காது. உங்கள் வீட்டுச் சுவர் பல இடங்களில் இரண்டு அடிக்குக் குறையாது. ரவுட்டர் முகப்பில் இருந்தால் வளவு வரை வைஃபை அலை நன்றாகவே வரும், ஏனென்றால் நடுவில் திறந்தவெளி இருக்கிறது. இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசலைத் தாண்டியதும் அது சட்டென்று இறங்கும். மூன்றாம் கட்டில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. இதை என் வார்த்தையை நம்பித்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கைப்பேசியில் வைஃபை வழியாக ஒரு வீடியோ அழைப்பைப் போட்டுக்கொண்டு முகப்பிலிருந்து பின்வாசல் வரை மெதுவாக நடந்து பாருங்கள். கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு நடக்க வேண்டும், ஏனென்றால் இரவில் அவை சாத்தித்தான் இருக்கும். படம் எங்கே உறைகிறதோ, அந்த இடத்துக்கு அப்பால் வைஃபை கேமராவை நம்ப முடியாது.

வழியில், அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்களை வைத்தால் என்ன என்று அக்கா மகன் கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் ஒரு பிளக், ஒரு அடாப்டர் வேண்டும். பூட்டிக் கிடக்கும் கட்டில் அவற்றுள் ஒன்று நின்றுபோனால், அதற்குப் பின்னால் இருக்கும் கேமராக்கள் எல்லாம் சேர்ந்து நின்றுபோகும். போய்ப் பார்த்து மறுபடி போட அங்கே யார் இருக்கிறார்கள்? மேலும், வைஃபை கேமராவுக்கும் மின்சார வயர் வேண்டும் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். வயர்லெஸ் என்ற பெயர் படம் போகும் வழியை மட்டுமே குறிக்கிறது. முழுக்க பேட்டரியில் ஓடும் கேமராக்களும் கிடைக்கின்றன. அவை பேட்டரியை மிச்சப்படுத்த எப்போதும் தூங்கிக்கொண்டிருந்து, அசைவு தெரிந்தால் விழித்துப் பதிவு செய்பவை. வாசலில் யார் வந்தது என்று பார்க்க அது போதும். ஆளில்லாத பின்கட்டில் முதல் சில வினாடிகள் விடுபடுவதையோ, பேட்டரியைக் கழற்றி சார்ஜ் செய்ய ஆள் தேடுவதையோ நான் ஏற்க மாட்டேன்.

கேமரா இரவும் பகலும் ஓயாமல் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும் கருவி. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, இன்றைய எச்.265 சுருக்க முறையில், வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகிறது. உங்கள் வீட்டுக்கு ஆறு கேமராக்கள் போதும். அவை நாளொன்றுக்கு 130 ஜிபி அளவுக்கு எழுதும். 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வாரத்துப் பதிவு நிற்கும். இவ்வளவு பாரத்தை இரண்டடிச் சுவர்களுக்கு ஊடாக வைஃபையில் ஏற்றுவதைவிட ஒரு கேபிளில் ஏற்றுவதே முறை.

அப்படியானால் சுவரை வெட்டாமல் கேபிளை எப்படிக் கொண்டுபோவது? உங்கள் வீடே அதற்கு வழி வைத்திருக்கிறது. மொட்டைமாடி இருக்கும் பகுதியில் கைப்பிடிச் சுவரின் உட்புறமாக ஒரு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயைப் படுக்கவிட்டு, அதற்குள் கேபிளைக் கொண்டுபோகலாம். ஓட்டுக்கூரை வரும் இடத்தில் உத்தரத்தின் மேல்பக்கமாக, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுபோகலாம். ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குள் நுழைய, வாசலுக்கு மேல் உள்ள காற்றுச் சாளரமே போதும். துளை போடத் தேவையில்லை. பழைய மின்வயர் ஓடும் தேக்குப் பட்டைகள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அவற்றின் ஓரமாகவும் போகலாம், ஆனால் மின்வயரோடு ஒரே பட்டைக்குள் சேர்த்துத் திணிக்கக் கூடாது. எலித் தொல்லை உள்ள வீடு என்றால் குழாய் இல்லாமல் கேபிளை எங்கேயும் விடாதீர்கள்.

கேபிள் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் இரண்டு சுருள்கள் ஒன்றுபோலவே இருக்கும்: ஒன்று முழுச் செம்பு, மற்றது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது இரண்டாவது. அதை வாங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கடைசிக் கேமரா பகலில் தெளிவாகத் தெரிகிறது, இரவானால் கறுத்துவிடுகிறது, மூன்று கேமரா மாற்றியும் தீரவில்லை என்றார்கள். கேமராவில் குறையே இல்லை. மெல்லிய வயரில் 50 மீட்டர் தூரத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பியிருந்தார்கள். பகலில் கேமரா கொஞ்சம்தான் மின்னோட்டம் இழுக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி அரை ஆம்பியர் இழுத்தால், போகவும் வரவுமாக 100 மீட்டர் மெல்லிய செம்பு வயரிலேயே 4 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். எட்டு வோல்ட்டுக்கும் குறைவாகக் கிடைத்தால் கேமரா அணையும். அணைந்ததும் வோல்ட் ஏறும். மறுபடி எரியும், மறுபடி அணையும். நான் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மாலை ஆறரை மணி வரை காத்திருந்தபோது, முள் ஏறி இறங்குவதை அந்த வீட்டுப் பெரியவரும் கூடவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் வருவது இரவில்; அந்தக் கேமரா வேலை செய்ததோ பகலில் மட்டும்.

ஆகவே 12 வோல்ட் வயரை நீளமாக இழுக்கும் முறை உங்களுக்கு வேண்டாம். ஒரே கேட்-6 நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் சேர்ந்து போகும் பிஓஇ முறையைக் கேளுங்கள். அதில் மின்சாரம் ஏறத்தாழ 48 வோல்ட்டில் போவதால் வழியில் கரைவது பெரிதாகப் பாதிக்காது. அதற்கும் ஒரு எல்லை உண்டு: ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வீட்டின் 210 அடி என்பது 64 மீட்டர்தான். ஆனால் கேபிள் மாடிக்கு ஏறி, ஓரமாக வளைந்து, மறுபடி இறங்கும்போது 100 மீட்டரைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே முன்பக்கம் ஒரு பிஓஇ ஸ்விட்ச் (பல கேமராக்களின் கேபிள்களை ஒன்றுசேர்த்து மின்சாரமும் கொடுக்கும் பெட்டி), இரண்டாம் கட்டில் இன்னொரு பிஓஇ ஸ்விட்ச் என்று வைத்து, அந்தந்தப் பக்கத்துக் கேமராக்களை அதனதன் ஸ்விட்சில் சேர்ப்பதே சரி.

அந்த இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவே செம்புக் கேபிளுக்குப் பதிலாக ஃபைபர் கேபிளைப் போடச் சொல்லுங்கள். காரணம் இடி. சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் உங்கள் பக்கத்தில் இடி எப்படி விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மாடியில் நீளமாகக் கிடக்கும் செம்பு, பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் அதிர்வையும் உள்ளே இழுத்து வந்து, இரு முனையிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடும். வயர் அமைப்பின் உண்மையான பலவீனம் இதுதான். வயர் போடச் சொல்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, ஆகவே மின்சாரம் அதில் பாயாது. முனைகளில் வைக்கும் மாற்றிகளையும் சேர்த்துக்கூட அதன் செலவு, ஒரு முறை எல்லாம் எரிந்து மாற்றும் செலவை ஒட்டிக்கூட வராது. வீட்டு எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுச் சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் எர்த் குழி வறண்டு, வயர் மட்டும் மண்ணில் செருகி நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

கதவுச் சென்சார்கள் வேறு வகை. கதவு திறந்தது, மூடியது என்ற ஒற்றைச் செய்தியை எப்போதாவது அனுப்பினால் போதும் என்பதால் சின்ன பேட்டரியில் ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் ஓடும். செய்தி சிறியது, வைஃபையைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் போவதால் தடித்த சுவரையும் ஓரளவு கடக்கும். உங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் வயர் இழுப்பதென்றால்தான் நிலையையும் பூச்சையும் துளைக்க வேண்டிவரும். ஆகவே இங்கே வயர்லெஸ்தான் என் தேர்வு. ஆனால் எந்த வயர்லெஸ் என்பதில் கவனம் வேண்டும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்களில் பெரும்பாலானவை ஒருவழிப் பேச்சு மட்டுமே தெரிந்தவை. கதவு திறந்தால் கத்தும். சென்சார்களின் செய்தியை வாங்கி அலாரம் அடிக்கும் பெட்டியான பேனலுக்கு அது கேட்டதா என்று அதற்குத் தெரியாது. அது உயிரோடு இருக்கிறதா என்று பேனலுக்கும் தெரியாது. நானே தொழிலின் தொடக்கத்தில் அப்படி ஒரு தொகுதியை ஒரு பூட்டிய வீட்டில் மாட்டினேன். அடுத்த ஆண்டு படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வந்த குடும்பத்தார், அலாரத்தை அணைக்க மறந்து பின்கதவைத் திறந்திருக்கிறார்கள், சத்தமே வரவில்லை. நான் போய்ச் சென்சாரைக் கழற்றியபோது பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எத்தனை மாதமாக அந்தக் கதவுக்குக் காவலே இல்லாமல் இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. அவர்கள் என்னைக் கோபிக்கவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒருவழிச் சென்சாரை நான் தொட்டதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது இருவழித் தொடர்பு உள்ள சென்சார். குறிப்பிட்ட இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று அது பேனலுக்குச் சொல்லும். சொல்லத் தவறினாலும், பேட்டரி இறங்கினாலும், யாராவது அதைக் கழற்ற முயன்றாலும் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வரும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். பேனலை முகப்பில் வைக்காமல் வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் வைத்தால் தூரம் இரு பக்கமும் பாதியாகும்.

பழைய தேக்குக் கதவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மழைக்காலத்தில் கதவு ஊதி, கோடையில் சுருங்கி, காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அகல இடைவெளியைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். கதவின் இரும்புப் பட்டைக்கு ஒட்டி மாட்ட வேண்டாம், இரும்பு காந்தத்தின் வலுவைக் குறைத்துவிடும். ஆளசைவைக் கண்டறியும் பிஐஆர் சென்சாரைத் திறந்த வளவில் வைக்கவே கூடாது. வெயில், பூனை, புறா என்று எதற்கும் அது கூவும். மூடிய கூடத்தில் வைக்கலாம். வைக்கும்போது அதன் பின்புறத் துளைகளைச் சிலிக்கானால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பல்லி உள்ளே குடியேறி, கண்ணாடியின் மேல் ஊர்ந்து, நடுச்சாமத்தில் ஊரை எழுப்பும்.

ஊரை எழுப்புவதைவிட எனக்குக் கவலை உங்கள் தாயாரை எழுப்புவதுதான். பத்து நாளில் மூன்று முறை வெறும் அலாரம் அடித்தால், நான்காம் முறை அவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே பேனலை இரண்டு பகுதிகளாகப் பிரித்து அமைக்கச் சொல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் கட்டுகள் எப்போதும் காவலில் இருக்கட்டும். அவர் புழங்கும் வளவும் முகப்பும், இரவு படுக்கப் போகும்போது மட்டும், அதுவும் வெளிவாசல் கதவுகள் மட்டும் காவலுக்கு வரட்டும். அவர் எந்த எண்ணையும் நினைவில் வைத்து அழுத்த வேண்டியிருக்கக் கூடாது. சாவிக்கொத்தில் மாட்டும் சிறிய ரிமோட்டில் ஒரே பொத்தான் போதும். கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். திருட்டைவிட, இரவில் அவர் கால் தவறி விழுந்தால் அழைப்பதற்கே அது முதலில் பயன்படக்கூடும். சைரன் ஒன்று பின்கட்டிலும் ஒன்று தெருப்பக்கமும் இருக்கட்டும். அலாரம் அடித்தால் அவர் எழுந்து போய்ப் பார்க்கவே கூடாது, அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை நேரில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது.

அலாரச் செய்தி முதலில் சென்னையில் உங்களுக்கு வந்தால் நீங்கள் தவிக்கத்தான் முடியும். அதே தெருவில் ஓடிவரக்கூடிய இருவரின் எண்கள், பிறகு உங்கள் எண் என்ற வரிசையில் பேனலில் பதியுங்கள். காவல்துறைக்கு 100 அல்லது 112. எல்லோரும் வெளியூர் போய் வீட்டை முழுக்கப் பூட்டும் நாட்களில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லி வைப்பதையும் விடாதீர்கள்.

மின்சாரமும் இணையமும் போனால் என்ன ஆகும் என்பதை டெக்னீஷியனிடம் எழுத்தில் கேளுங்கள். திருட வருபவர் முதலில் செய்யக்கூடியது வாசல் மீட்டர் பலகையில் ஃபியூஸைப் பிடுங்குவது. அலாரப் பேனலுக்குள் தனி பேட்டரி இருக்க வேண்டும். பதிவுக் கருவி, ஸ்விட்சுகள், ஆறு கேமரா எல்லாம் சேர்ந்து 60, 70 வாட் இழுக்கும். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினால் 15 மணி நேரமாவது தாங்கும். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மாதம் ஒரு முறை யாரையாவது பொறுப்பாக்குங்கள். பேனலில் 4ஜி சிம் போடும் வசதி கட்டாயம் வேண்டும். அந்த சிம்மின் ரீசார்ஜ் முடியும் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்து, நல்ல அமைப்பு ஊமையாகிப் போன வீடுகள் உண்டு. பதிவுக் கருவியை முகப்பில் டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வந்தவர்கள் அதையே தூக்கிக்கொண்டு போனால் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. காற்றோட்டம் உள்ள ஓர் உள்ளறையில் பூட்டி வையுங்கள்.

கேமரா வாங்கும்போது, விலை குறைந்தது என்று பெயர் தெரியாத சரக்கை எடுக்காதீர்கள். 2016 அக்டோபரில் மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பெருமளவில் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பலருக்கு அது நடந்ததே தெரியாது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற்ற சிசிடிவி கேமராக்களையே விற்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்திருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பின்) குறியும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள், பில் வாங்குங்கள். மாட்டி முடித்த அன்றே கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள்.

கேமராக்கள் வாசல்களையும் பின்கட்டு நடையையும் மட்டும் பார்க்கட்டும். தாயாரின் அறைக்குள்ளும் அடுத்த வீட்டு முற்றத்திலும் விழ வேண்டாம். வீடு பொதுச் சொத்து என்பதால், பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லி, பார்க்க விரும்புவோருக்கும் அனுமதி கொடுத்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. அசம்பாவிதம் நடந்தால் பதிவை வெட்டி ஒட்டிப் பகிராமல், கருவியை அப்படியே வைத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது அதற்குரிய சான்றிதழும் இணைக்க வேண்டும். கைபடாத மூலப் பதிவு இருந்தால் அது எளிது.

வேலை முடிந்ததும் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இணைய மோடத்தின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். டெக்னீஷியனைப் பின்வாசல் கதவைத் திறந்து, மூன்றாம் கட்டு வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியும், பதிந்து வைத்த இரண்டு அண்டை வீட்டாரின் கைப்பேசிகளும் அடிக்க வேண்டும். மின்சாரம் வந்த பிறகு பார்த்தால், அவர் நடந்து வந்த முழு நடையும் முகம் தெரியும்படி பதிவாகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எது தவறியது என்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தாயாரும் விழித்திருந்து சைரன் சத்தத்தை ஒரு முறை கேட்டுக்கொள்ளட்டும்.